மூதூருக்கு நான் எழுதிய வழி

அன்று காலை நான் களஞ்சிய அறையைத் திறக்கப் போனபோது வாசலில் ஒரு மான் நின்று வெறும் அட்டைப்பெட்டி ஒன்றைத் தின்றுகொண்டிருந்தது. கோட்டைப் பக்கத்து மான்கள் எங்கள் திருகோணமலை வீதிகளில் ஆடுமாடு போலத் திரிபவை. ஒருவரும் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. விரட்டுவதற்காக நான் கையைத் தட்டினேன். மான் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் அட்டையைக் கடித்தது.

"புள்ள, அதுக்கிட்ட மன்னிப்புக் கேட்டுப் பாருங்க. ஒருவேளை வழி விடும்" என்று வாகனத்துக்குள் இருந்து லாபிர் நானா சத்தம் போட்டார்.

லாபிர் நானா எங்கள் கந்தோரின், அதாவது நிவாரண அலுவலகத்தின், சாரதி. கிண்ணியாக்காரர். அங்கே அண்ணனை நானா என்பார்கள். நான் கூச்ச சுபாவக்காரி என்பது அவருக்குத் தினமும் கிடைக்கிற பகிடி. அவர் இறங்கிவந்து ஓர் அதட்டுப் போட்டதும் மான் போய்விட்டது. நான் கதவைத் திறந்தேன்.

உள்ளே போனதும் என் கண் மேல்தட்டுக்குத்தான் போகும். அங்கே தாள் கட்டுகளுக்கும் மைப்பெட்டிகளுக்கும் நடுவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. ரவுட்டர் என்பார்கள்; கம்பியூட்டர் செய்திகளை ஊர் ஊராகப் பிரித்து அனுப்புவது. அதன் முகத்தில் மூன்று பச்சை விளக்குகள். ஒன்று எங்கள் கந்தோருக்கு, ஒன்று கிண்ணியாவுக்கு, ஒன்று மூதூருக்கு. எந்த நேரமும் அவை துடித்துக்கொண்டே இருக்கும். அன்று இரண்டு துடித்தன. மூன்றாவது எரிந்தது, ஆனால் துடிக்கவில்லை.

அது மூதூர் விளக்கு.

தூசி தட்டக் கிடைத்த வேலை

இந்தத் தொடரை வாசிக்கும் சிலர், நான் ஏதோ பெரிய கம்பியூட்டர் படிப்புப் படித்தவள் என்று நினைத்துக் கடிதம் எழுதுகிறார்கள். அப்படியில்லை. நான் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவள். கணிதத்தில் இரண்டாம் தடவைதான் சித்தியடைந்தேன். உட்துறைமுக வீதியில் ஓடு போட்ட பழைய வீடு ஒன்றில் இயங்கிய நிவாரணக் கந்தோரில் எனக்குக் களஞ்சிய வேலை. பேனை, தாள், சவர்க்காரம், தறப்பாள். கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

போர் மறுபடியும் மூண்டிருந்த காலம் அது. பூட்டும் மின்விசிறியும் சேர்ந்து இருந்த ஒரே அறை என்னுடையது என்பதால்தான் அந்தப் பெட்டி என்னிடம் வந்தது. கொழும்பிலிருந்து வசந்தன் என்ற இளம் பொறியியலாளர் வந்து இரண்டு நாளில் அதைப் பொருத்திவிட்டுப் போனார்.

"அக்கா, தூசி பிடிக்காமல் மட்டும் பாருங்கோ. வேறொண்டும் செய்யத் தேவையில்லை" என்றார்.

பிறகு பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவரால் வர முடியவில்லை. ஏதாவது பிழைத்தால் தொலைபேசியில் என்னைக் கூப்பிடுவார். "அக்கா, எத்தினை விளக்கு எரியுது? எது துடிக்குது?" என்று கேட்பார். நான் பார்த்துச் சொல்வேன். விளக்கில் தொடங்கி, கம்பியைக் கழற்றிப் பூட்டுவதற்கு வந்து, கடைசியில் கறுப்புத் திரையில் அவர் சொல்லச் சொல்லத் தட்டுகிற அளவுக்கு வந்துவிட்டேன். தொலைபேசி எனக்குப் பிடித்தது. முகம் தெரியாது. பிழை விட்டாலும் ஒருவர்தான் கேட்பார். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதிவைத்தேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, கீழே என் பாசையில் அர்த்தமும் எழுதினேன்.

எங்களுக்கு மூன்று கந்தோர்கள்: திருகோணமலை, கிண்ணியா, மூதூர். மூன்றிலும் கம்பம் நட்டு, அன்டெனாக்களை ஒன்றையொன்று பார்க்க வைத்திருந்தார்கள். கொட்டியாரக் குடாவுக்கு மேலால் மூதூருக்கு நேரே ஓர் இணைப்பு. கிண்ணியாவுக்கு ஒன்று. கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் இடையில் இன்னொன்று.

ஆனால் எங்கள் பெட்டிக்குத் தானாக வழி தெரியாது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வரியில் மூன்று விடயங்கள் இருக்கும். எந்த ஊர், அந்த ஊர் எவ்வளவு பெரியது, அந்த ஊருக்குப் போக வேண்டியதை அடுத்ததாக யாரிடம் கொடுப்பது. எல்லாம் புள்ளி வைத்த எண்களில் இருக்கும். ஊருக்கு ஓர் எண் என்று வசந்தன் தம்பி வைத்திருந்தார்: திருகோணமலைக்கு ஒன்று, கிண்ணியாவுக்கு இரண்டு, மூதூருக்கு மூன்று. எழுதிக் கொடுத்துவிட்டால் பெட்டி அதையே நம்பும். இடையில் கம்பமே இல்லாமல் போனாலும் நம்பிக்கொண்டு இருக்கும். மனிதர் யாராவது வந்து மாற்றி எழுதும் வரைக்கும்.

மூன்று மணிக்குள் முத்திரை

ஒன்பது மணி போல எங்கள் பொறுப்பாளர் இராசநாயகம் ஐயா என் அறைக்கு வந்தார். அவர் என் அறைக்கு வருவது வழக்கமில்லை. பேனை வேண்டுமென்றாலும் ஆளனுப்புவார்.

"மூதூர்க் கரையில எங்கட பக்கம் பாத்த கம்பத்தை நேற்றுப் பின்னேரம் இறக்கச் சொல்லிப்போட்டாங்களாம், பிள்ளை. காலமை வயர்லெஸ்ஸில ஹமீதா சொன்னவ. கூரையில கிண்ணியாவைப் பாக்கிற சின்னன் மட்டும்தான் மிச்சமாம்."

ஹமீதா மூதூர்க் கந்தோரைப் பார்த்துக்கொண்டவர். என்னைப் போலவே பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவர்.

"அப்ப பட்டியல், ஐயா?"

"அதுதான் நான் வந்தது."

பட்டியல் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மூதூருக்குத் தரைப் பாதை மூடி வாரக்கணக்காகியிருந்தது. லோஞ்ச் படகும் ஓடவில்லை. அன்று பின்னேரம் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் நிவாரணச் சாமான்களோடு அங்கே போக அனுமதி கிடைத்திருந்தது. அதில் சலரோகக்காரர்களுக்கு இன்சுலின் ஊசிமருந்தும் போக வேண்டும். மூதூரில் அது முடிந்துகொண்டிருந்தது. சிலரிடம் இரண்டு நாளைக்குத்தான் இருந்தது. ஆனால் இன்னாருக்கு இவ்வளவு என்று பெயர் எழுதி, மூதூர் டொக்டர் கையெழுத்து வைத்த பட்டியல் இல்லாமல் மருந்தை ஏற்ற விடமாட்டார்கள். வயர்லெஸ்ஸில் வாசித்தால் செல்லாது. கையெழுத்துத் தெரிய வேண்டும். இறங்குதுறையில் அனுமதிக்காரர் மூன்று மணிக்கு மேசையை மூடிவிடுவார். அடுத்த கப்பல் எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது.

ஹமீதா பட்டியலைப் படம் பிடித்துக் கம்பியூட்டரில், எங்கள் எல்லோருக்கும் பொதுவான இடத்தில் வைத்துவிட்டார். அது அங்கே இருந்தது. எங்களால் எடுக்க முடியவில்லை.

வாசலில் லாபிர் நானா ஐஸ் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ராத்தா, மூத்த சகோதரி, மூதூரில் கலியாணம் கட்டிப் போனவர். பன்னிரண்டு வருடமாக ஊசி போடுகிறவர். அவருடைய பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. நானாவும் ஐயா சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பகிடி ஒன்றும் வரவில்லை.

நான் தொலைபேசியை எடுத்துக் கொழும்புக்குச் சுழற்றினேன். அதிசயமாக உடனே கிடைத்தது.

"அக்கா, மூதூருக்கு நேர் இணைப்பு இனிச் சரிவராது. ஆனா கிண்ணியாவால போகலாம். கிண்ணியாப் பெட்டியில ரெண்டு பக்கத்துக்கும் முந்தியே எழுதி வைச்சிருக்கிறன், அதைத் தொட வேண்டாம். உங்கட பெட்டியில மூதூருக்கு இருக்கிற பழைய வரியை அழிச்சிட்டு, கிண்ணியாப் பக்கத்தால புதுசா எழுத வேணும். கொப்பியை எடுங்கோ."

"எடுத்திட்டன், தம்பி."

"முதல்ல, நோ எண்டு போட்டு…"

அதோடு தொலைபேசி செத்தது. காதில் இரைச்சல் மட்டும் இருந்தது. திரும்பத் திரும்பச் சுழற்றிப் பார்த்தேன். நகரம் முழுவதும் லைன் போய்விட்டது என்று பக்கத்து வீட்டிலிருந்து சொன்னார்கள்.

"என்ன சொன்னவர்?" என்று ஐயா கேட்டார்.

"பழசை அழிச்சிட்டுப் புதுசா எழுதட்டாம்."

"உமக்கு உது தெரியுமோ, பிள்ளை? இல்லாட்டி, தெரியும் எண்டு நினைக்கிறீரோ?"

நான் கொப்பியை விரித்தேன்.

எதிரே தெரிகிற ஊர்

அந்தப் பெட்டியில் ஒரு வரியை அழிப்பது சுலபம். அதே வரியை, முன்னால் 'நோ' என்று போட்டு, மறுபடி எழுத வேண்டும். யாரிடமும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லத் தெரியாத நான் அந்த ஒரு சொல்லை மட்டும் தைரியமாகத் தட்டினேன். பழைய வரி போயிற்று.

இனிப் புதிய வரி. எந்த ஊர்? மூதூர். எவ்வளவு பெரியது? கொப்பியில் இருந்தது. யாரிடம் கொடுப்பது?

அந்த இடத்தில் நான் மூதூர்ப் பெட்டியின் எண்ணையே எழுதினேன்.

திருகோணமலையில் பிறந்து வளர்ந்த ஆள்தான் அந்தப் பிழையை விடுவார். எங்களுக்கு மூதூர் எதிர்க்கரை. இறங்குதுறையில் நின்றால் தண்ணீருக்கு அப்பால் மெல்லிய கோடாகத் தெரியும். அங்கே மழை பெய்வதை இங்கேயிருந்து பார்ப்போம். மூதூருக்குப் போவதென்றால் லோஞ்சில் ஏறினால் நேரே மூதூர். இடையில் ஓர் ஊர் இருக்கிறது என்பது எங்கள் நினைப்பிலேயே இல்லை.

பெட்டி மறுப்புச் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டது. ஆனால் வழிகளின் அட்டவணையைக் காட்டச் சொன்னால், மற்ற வரிகள் வந்தன. நான் எழுதிய வரி அதில் இல்லை. என் கம்பியூட்டரில் இருந்து மூதூரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். 'சேர முடியாத இடம்' என்று பதில் வந்தது. மறுபடி அழித்து, மறுபடி அதையே எழுதினேன். மறுபடியும் அப்படியே. இப்படி ஒரு மணித்தியாலம் போயிற்று. 

அப்பாவின் பைகள்

என்னுடைய அப்பா தபால் கந்தோரில் கடிதம் பிரிக்கிற வேலை செய்தவர். அவரைப் பற்றி இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதவில்லை. கூடக் கதைக்காத மனிதர். அந்தக் குணம்தான் எனக்கும் வந்தது.

நான் சின்னவளாக இருந்தபோது சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுச் சற்று நேரம் நின்று பார்ப்பேன். சுவர் முழுக்கச் சிறு சிறு மரத் தட்டுகள். அவர் பார்க்காமலே அவற்றுக்குள் கடிதங்களை எறிவார். மூதூருக்கும் அப்பாலுள்ள ஈச்சிலம்பற்றுக்குக் கடிதம் ஒன்று வந்தால் ஈச்சிலம்பற்றுக்குத் தனிப் பை கிடையாது. மூதூர்ப் பைக்குள் போகும். மூதூரில் இருப்பவர் மிச்சத்தைப் பார்ப்பார். கடல் கொந்தளித்து லோஞ்ச் ஓடாத மாரி நாட்களில் அந்த மூதூர்ப் பையையே தூக்கிக் கிண்ணியாப் பைக்குள் வைத்துக் கட்டிவிடுவார். அது கிண்ணியா, உப்பாறு, கெங்கை, இறால்குழி என்று ஒவ்வொரு ஓடத்துறையாகக் கடந்து போய்ச் சேரும். அதற்குமேல் அப்பாவுக்குக் கவலையில்லை. கடிதத்தின் மேல் எழுதியிருப்பது கடைசி ஊர். பையின் மேல் எழுதியிருப்பது அடுத்த ஊர்.

கறுப்புத் திரைக்கு முன்னால் இருந்தபோது எனக்கு அந்தக் கிண்ணியாப் பைதான் ஞாபகத்துக்கு வந்தது. கடைசி ஊரை நான் இரண்டு இடத்திலும் எழுதியிருந்தேன். இந்தப் பெட்டி கேட்டது அடுத்த கையை.

அழித்தேன். மூதூர் என்று எழுதி, கொடுக்க வேண்டிய இடத்தில் கிண்ணியா முனையின் எண்ணை எழுதினேன். அட்டவணையைக் கேட்டேன். என் வரி வந்து நின்றது.

உடனே மூதூரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். நான்கு முறையும் 'நேரம் கடந்தது' என்று வந்தது.

மனம் விட்டுப்போயிற்று. ஆனால் சற்று நேரம் அந்தச் சொற்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பு வந்தது 'சேர முடியாது'. இப்போது வந்தது 'நேரம் கடந்தது'. இரண்டும் ஒன்றல்ல. முன்பு வீட்டை விட்டே வெளிக்கிடவில்லை. இப்போது போயிருக்கிறது. பதில்தான் வரவில்லை.

ஏன் வரவில்லை? மூதூர்ப் பெட்டிக்கு எங்களிடம் வரும் வழியாக வசந்தன் தம்பி எழுதிக் கொடுத்திருந்தது குடாவுக்கு மேலான நேர்வழி. அது அதையே நம்பிக்கொண்டு, தன் பதிலையெல்லாம் இறக்கி வைத்த கம்பத்திடம் கொடுத்துக்கொண்டிருந்தது. போகிற வழியை மட்டும் மாற்றிவிட்டு, வருகிற வழியை நான் மறந்துவிட்டேன்.

"நம்பர் எபா!"

பதினொரு மணிக்கு வயர்லெஸ் பேச எங்களுக்குச் சில நிமிடம் அனுமதி இருந்தது. அந்தக் கருவி ஐயாவின் அறையில். நான் அதைத் தொட்டதே இல்லை. குடா முழுவதும் கேட்கும் என்ற நினைப்பில் அந்த அறை வாசலோடு நின்றுவிடுவேன். அன்று நானாகப் போய், "நான் கதைக்கட்டோ, ஐயா?" என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

"ஹமீதா, உங்கட பெட்டியில ஒரு வரி மாத்த வேணும். நான் சொல்லச் சொல்லத் தட்டுவீங்களோ? ஓவர்."

"எனக்கு அது தெரியாதே, புள்ள. சரி, சொல்லுங்க. எழுதி எடுக்கிறன். ஓவர்."

"பத்து, புள்ளி, ஒண்டு, புள்ளி, பூச்சியம்…"

"நம்பர் எபா! நம்பர் எபா!"

குறுக்கே ஓர் ஆண் குரல். எண்கள் வேண்டாம் என்று சிங்களத்தில் அதட்டியது. வயர்லெஸ்ஸைக் கேட்டுக்கொண்டிருக்கும் காவல்காரரின் குரல். அந்த நாட்களில் வரிசையாக எண் வாசித்தால் இரகசியச் செய்தி என்று எடுத்துக்கொள்வார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். அவசரத்தில் எனக்கு மறந்துபோயிற்று. ஐயா என் கையிலிருந்து கருவியைப் பிடுங்கி, "சொரி, சேர், சொரி" என்று மூன்று தரம் சொன்னார். அன்றைக்கு இனிப் பேசக் கூடாது என்று உத்தரவு வந்தது.

ஐயா கதிரையில் சாய்ந்தார். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"சரி, விடும். நான் இப்பவே இறங்குதுறைக்குப் போய்ச் சொல்லிப்போட்டு வாறன், எங்கட பட்டியல் இல்லை எண்டு. அந்த இடத்தில வேற சாமானாவது போகட்டும்."

இடத்தை விட்டுக் கொடுத்துவிட்டால் பிறகு கேட்க முடியாது. கதவடியில் லாபிர் நானா நின்றார். தொப்பியைக் கையில் எடுத்துக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மணி மட்டும் பொறுங்கோ, ஐயா" என்றேன்.

அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கந்தோரில் நான் யாருக்கும் மறுத்துச் சொன்ன முதல் வார்த்தை அது.

"என்ன செய்யப் போறீர்?"

"தெரியேல்லை. ஆனா பொறுங்கோ."

கிண்ணியாவில் நின்றது

என் அறைக்கு வந்து கொப்பியை முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். நடுவில் ஒரு பக்கத்தில், பல மாதங்களுக்கு முன் எழுதியது ஒன்று இருந்தது. கிண்ணியாவில் ஏதோ பிழை என்று வசந்தன் தம்பி ஒரு நாள் என்னைத் திருகோணமலையிலிருந்தே கிண்ணியாப் பெட்டிக்குள் போக வைத்தார். 'டெல்நெட்' என்று எழுதி, எண் எழுதி, கடவுச்சொல் எழுதியிருந்தேன். கீழே என் பாசையில்: 'இங்கே இருந்துகொண்டு அங்கே எழுதலாம்.'

மூதூர்ப் பெட்டிக்குத் திருகோணமலைக்குப் பதில் சொல்லத்தான் வழி தெரியாது. கிண்ணியா அதற்குப் பக்கத்து வீடு. கிண்ணியாவில் நின்று கூப்பிட்டால் அது பதில் சொல்லும்.

எங்கள் பெட்டியிலிருந்து கிண்ணியாவைக் கூப்பிட்டேன். கடவுச்சொல் கேட்டது. கொடுத்தேன். திரையின் இடது ஓரத்தில் பெட்டி தன் பெயரைச் சொல்லும். அதுவரை எங்கள் பெயர் இருந்த இடத்தில் கிண்ணியாவின் பெயர் வந்தது.

லாபிர் நானா தேத்தண்ணியோடு வந்து நின்றார். "என்ன புள்ள, எங்க நிக்கிறீங்க?"

"கிண்ணியாவில, நானா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கதிரையைப் பார்த்தார். "கிண்ணியாவிலயா? அப்ப எங்கட வீட்டுக்குள்ள ஒருக்கா எட்டிப் பாருங்க. மனிசி உடுப்பைக் காயப்போட்டுட்டு மழையில விட்டிரிக்கிறாவா எண்டு."

காலையிலிருந்து அவர் சொன்ன இரண்டாவது பகிடி. எனக்குச் சிரிப்பு வந்தது. 

கிண்ணியாவில் நின்றபடி மூதூரைக் கூப்பிட்டேன். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு கடவுச்சொல் கேட்டது. மூன்று பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல்தான். கொடுத்தேன். இடது ஓரத்தில் மூதூர் என்று வந்தது.

"இப்ப மூதூர், நானா" என்றேன்.

அவர் தேத்தண்ணியை வைத்துவிட்டுத் தாள் கட்டு ஒன்றின் மேல் இருந்தார். 

வாரக்கணக்காக எங்களில் ஒருவராலும் போக முடியாத ஊருக்குள் நான் போய் நின்றேன். ஓர் எழுத்துப் பிழைத்து அந்தப் பெட்டி முரண்டு பிடித்தால் போய்த் திருத்த ஆளில்லை. ஒவ்வொரு எண்ணையும் கொப்பியில் ஒரு தரம், திரையில் ஒரு தரம், விரல் வைத்துப் பார்த்தேன். திருகோணமலைக்கு இருந்த பழைய வரியை அழித்தேன். புதிய வரி எழுதினேன்: எந்த ஊர், திருகோணமலை. யாரிடம் கொடுப்பது, கிண்ணியா. பிறகு சேமித்தேன். மின்சாரம் நாளுக்கு மூன்று தரம் போகிற ஊர்க்காரிக்கு எழுதியதைச் சேமிக்க ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை.

மூதூரிலிருந்து கிண்ணியாவுக்கு வந்தேன். கிண்ணியாவிலிருந்து வீட்டுக்கு வந்தேன். கம்பியூட்டரில் மூதூரைக் கூப்பிட்டேன்.

பதில் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு வரிகள். மேல்தட்டில் கிண்ணியா விளக்கு படபடவென்று துடித்தது.

ஹமீதா வைத்த இடத்தில் பட்டியல் இருந்தது. மெதுவாகத்தான் திறந்தது. மேலிருந்து கீழாக, பாய் விரிப்பது போல, பெயர் பெயராக வந்தது. கடைசியில் டொக்டரின் கையெழுத்து. அச்சில் எடுத்தேன். லாபிர் நானா வாங்கிப் பார்த்தார். ஒரு பெயருக்குக் கீழே பெருவிரலை வைத்து அப்படியே நின்றார்.

"ஐயா!" என்று நான் கூப்பிட்டேன். என் அறையிலிருந்து அவருடைய அறைக்குக் கேட்கிற மாதிரி.

இரண்டு மணிக்குச் சற்று முன்னால் வாகனம் ஐஸ் பெட்டியோடு இறங்குதுறைக்குப் போனது. இராசநாயகம் ஐயா பட்டியலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முன்னிருக்கையில் இருந்தார். மேசை மூட முன்பு முத்திரை விழுந்தது.

சொல்லுங்கோ அக்கா, எழுதுறன்

பின்னேரம் தொலைபேசிக்கு உயிர் வந்தது. முதல் அழைப்பு வசந்தன் தம்பி.

"அக்கா, மன்னிக்க வேணும். காலமை கட்டானதில இருந்து முயற்சி செய்யிறன். ஒண்டையும் தொட வேண்டாம். நாளைக்கு ஏதாவது வழி பாக்கிறன்."

"நான் எழுதிட்டன், தம்பி."

"எழுதிட்டீங்களோ? அது போதாதே, அக்கா. மூதூர்ப் பக்கத்திலயும் திரும்பி வர எழுத வேணும். அதைத்தான் சொல்ல வந்தனான், லைன் கட்டாயிட்டுது."

"அதையும் எழுதிட்டன்."



"ஹமீதாவுக்கு எப்பிடிச் சொன்னீங்கள்?"

"சொல்ல விடேல்லை. நானே போனனான்."

"எங்க போனனீங்கள்?"

"மூதூருக்கு. கிண்ணியாவுக்குள்ள போய், அங்க இருந்து."

அவர் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கேலிச் சிரிப்பல்ல. பிறகு, "பொறுங்கோ, பேனை எடுக்கிறன். முதல்ல இருந்து சொல்லுங்கோ அக்கா, எழுதுறன்" என்றார். நான் சொன்னேன். வரி வரியாக, அவர் எழுதி முடிக்கும் வரை பொறுத்துப் பொறுத்துச் சொன்னேன்.

கரைக் கம்பம் மறுபடியும் ஏற நீண்ட நாள் பிடித்தது. அதுவரைக்கும் மூதூருக்கும் எங்களுக்கும் இடையில் போய்வந்த ஒவ்வொரு பட்டியலும், ஒவ்வொரு கடிதமும், ஹமீதா பெருநாளைக்கு அனுப்பிய பூப்படமும் கூட, நான் எழுதிய அந்த இரண்டு வரிகளால்தான் போய்வந்தன. இதை எழுதும்போது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். அவை என்னுடைய வரிகள்.

மறுநாள் காலை வயர்லெஸ் நேரத்துக்கு ஐயா என்னையே கூப்பிட்டார். எண் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டுக் கருவியை வாங்கினேன். லாபிர் நானா கதவடியில் நின்றார்.

"பெட்டி வந்திட்டு, புள்ள" என்றார் ஹமீதா. "ஐஸ் கரையல்ல, இன்னும் குளிராத்தான் இரிக்கி. ராவைக்கே எல்லாருக்கும் குடுத்தாச்சி. ஓவர்."

"நல்லது, ஹமீதா. லாபிர் நானா இஞ்ச நிக்கிறார். ஓவர்."

"நிக்கிறாரா? அவர்ட ராத்தா இஞ்ச வந்து ஏசிட்டுப் போறா. ஒரு பெட்டி அனுப்ப இவ்வளவு சுணக்கமா, தம்பிக்காரன் அங்க என்ன நித்திரையா எண்டு கேக்கச் சொன்னா. ஓவர்."

நான் திரும்பிப் பார்த்தேன். நானா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பித் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"ஏசுறாவா?" என்றார். "அப்ப சுகமாத்தான் இரிக்கிறா."